மோட் வெளியிடுமுன் கேட்க வேண்டியவை: கேள்வி பதில்

பன்னிரண்டு வருடமாக கேம்களுக்கு மோட் செய்கிறேன், அதாவது வெளியான கேமில் விளையாடுபவர்களே செய்து சேர்க்கும் மாற்றங்கள். அதில் நான்கு வருடம், ஒரு மோட் தளத்தில் புகார்களைப் பார்க்கும் தன்னார்வலராகவும் இருந்தேன். அங்கே என் கையால் நீக்கிய மோட்களில் பலவும் கெட்ட எண்ணத்தில் செய்தவை அல்ல. உள்ளே இருப்பது யாருடையது, அது என்ன செய்கிறது என்று எழுதாமல் விட்டவை. அந்த வருத்தத்தில்தான் மோட் செய்பவர்களைக் கேள்வி கேட்கச் சொன்னேன்; கேட்டவரின் புனைபெயர் கேள்விக்கு முன்னால் இருக்கும். எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

நிலவறை: வேறொரு கேமில் இருந்த வாளை எடுத்து என் மோடில் சேர்த்தேன். இலவச மோட்தான். ஆனாலும் நீக்கிவிட்டார்கள். ஏன் அண்ணா?

இலவசமா, விலைக்கா என்பது இங்கே இரண்டாவது பேச்சு. அந்த வாளின் மெஷ்ஷும் (முப்பரிமாண வடிவம்) டெக்ஸ்சரும் (அதன் மேல் ஒட்டும் படம்) அந்தக் கேம் நிறுவனத்தின் சொத்து. ஒரு கேம் தன் கோப்புகளை மாற்றிக்கொள்ள அனுமதி தந்தால், அது அந்தக் கேமுக்குள் மட்டும்தான். இன்னொரு கேமுக்குத் தாவும்போது அந்த அனுமதி கூடவே வராது.

இதில் ஒரு பழைய வழக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். டியூக் நியூகெம் 3டி கேமுக்கு ரசிகர்கள் செய்த 300 லெவல்களை மைக்ரோ ஸ்டார் என்ற நிறுவனம் சிடியில் போட்டு விற்றது. அந்த லெவல் கோப்புகளில் கேமின் படம் ஒன்றுகூட இல்லை. எந்த இடத்தில் எந்தப் படத்தை வைக்க வேண்டும் என்ற குறிப்புகள் மட்டும்தான் இருந்தன. அப்படியிருந்தும், அவை அந்தக் கேமின் கதையைத் தொடர்கின்றன, கதை உரிமையாளருடையது என்று 1998-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. படமே இல்லாத கோப்புக்கு அந்த முடிவு. நீங்கள் மெஷ்ஷையே தூக்கி வந்திருக்கிறீர்கள்.

கடைசிலெவல்: இன்னொரு மோடரின் டெக்ஸ்சரைப் பயன்படுத்தி, அவருக்கு கிரெடிட் போட்டால் போதாதா?

போதாது. கிரெடிட் என்பது நன்றி. அனுமதி வேறு. அனுமதியை எழுத்தில் வாங்குங்கள், தேதியோடு பத்திரப்படுத்துங்கள். என் ஒவ்வொரு மோடிலும் ஒரு சின்ன டெக்ஸ்ட் கோப்பு இருக்கும். அதில் வரி வரியாக இப்படி எழுதியிருப்பேன்: "மரக்கதவு 02: நானே வரைந்தது. காக்கைச் சத்தம்: இலவச ஒலித் தளம், வணிகப் பயன்பாடு கூடாது. கல் சுவர்: இன்னொரு மோடர், அனுமதி வாங்கிய தேதி இது." அந்தக் காக்கைச் சத்தத்தின் லைசென்ஸைப் படிக்காமல் விட்டதால்தான் என் முதல் மோட் நீக்கப்பட்டது. அன்று தொடங்கிய பழக்கம் இது.

முக்கோணம்: மோடுக்குப் பணம் வாங்கலாமா?

கேமுக்குக் கேம் மாறும். தி சிம்ஸ் 4 கேமுக்கு 2022-இல் அதன் நிறுவனமான இஏ சொன்ன விதிப்படி, பணம் தரும் ஆதரவாளர்களுக்குக் கொஞ்ச காலம் முன்கூட்டியே தரலாம், அப்புறம் எல்லோருக்கும் இலவசமாகத் தர வேண்டும். மைன்கிராஃப்ட் உரிம ஒப்பந்தம் மோடை விற்க விடாது. ஸ்கைரிம் கேமின் மோட்களை விற்க ஸ்டீம் என்ற கேம் விற்பனைத் தளம் 2015 ஏப்ரலில் வழிசெய்தது. மோடருக்குக் கிடைத்தது விலையில் 25 சதவீதம். எதிர்ப்புக் கிளம்பி நான்கே நாளில் திரும்பப் பெற்றார்கள். விற்பனைக்கு வந்த ஒரு மோட் இன்னொருவரின் அனிமேஷன் வேலையைச் சார்ந்திருந்ததால் நீக்கப்பட்டது. பணம் உள்ளே வந்ததும் "இது யாருடையது" என்ற கேள்வி எவ்வளவு கூர்மையாகிறது பாருங்கள்.

மழைத்துளி: கிரெடிட் கொடுத்தால் போதும்தானே?

மேலே கடைசிலெவலுக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

வெண்கலம்: கேமின் கோப்புகளில் ஏற்கனவே ஒளிந்திருக்கும் காட்சியைத்தான் என் மோட் திறக்கிறது. புதிதாக எதுவும் சேர்க்கவில்லை. வயதுவந்தோர் டேக் எதற்கு?

ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் கேமில் நடந்தது இதேதான். "ஹாட் காஃபி" என்ற மோட், கோப்புகளுக்குள் பூட்டிக் கிடந்த பாலியல் காட்சியைத் திறந்தது. 2005-இல் அந்தக் கேமின் வயது மதிப்பீட்டையே, கேம்களுக்கு வயது மதிப்பீடு தரும் அமெரிக்க அமைப்பான ஈஎஸ்ஆர்பி, வயதுவந்தோருக்கு மட்டும் என்று உயர்த்திவிட்டது. அடுத்த வருடம் ஆப்லிவியன் கேமுக்கும் மதிப்பீடு கூடியது, அதற்கும் ஒரு மோட் வெளிக்கொண்டுவந்த கோப்பு ஒரு காரணம். திரையில் என்ன தெரியும் என்பதுதான் கணக்கு. டேக் போடுங்கள், முகப்புப் படத்தில் அந்தக் காட்சியை வைக்காதீர்கள்.

தூங்காதவன்: கதாநாயகனின் குரலை ஏஐ மூலம் உருவாக்கி, புது வசனம் பேச வைத்திருக்கிறேன். "ஏஐ குரல்" என்று விளக்கத்தில் தெளிவாக எழுதியும் திட்டு விழுகிறது. இதைவிட வெளிப்படையாக எப்படி இருப்பது?

எழுதியது நல்லது. ஆனால் அது விளையாடுபவருக்குச் சொன்னது. குரலுக்குச் சொந்தக்காரரைக் கேட்டீர்களா? 2021-இல் விட்சர் 3 கேமுக்கான ஒரு மோட் கதாநாயகனின் குரலை இப்படிச் செய்தபோதே இந்த விவாதம் தொடங்கிவிட்டது. பிறகு நடிகர்களின் குரலை ஆபாச மோட்களில் பேச வைத்தார்கள். நடிகர்கள் வேதனையோடு பேசினார்கள்.

பனிமூட்டம்: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கேமில் இருக்கும் வசனங்களை வெட்டி ஒட்டிப் புது வாக்கியம் செய்வதை மோடர்கள் எத்தனையோ வருடமாகச் செய்கிறோம். அப்போது யாரும் அனுமதி கேட்கவில்லையே?

நியாயமான கேள்வி. வெட்டி ஒட்டும்போது உங்களிடம் இருப்பது அந்த நடிகர் அந்தப் பாத்திரத்துக்காகப் பேசிய சொற்கள் மட்டும். அவர் சொல்லாத ஒரு சொல்லை அங்கே உருவாக்குவது கடினம். ஏஐ குரலுக்கு அந்த எல்லையே இல்லை. அதே குரலை இன்னொரு கேமுக்கும் விளம்பரத்துக்கும் கொண்டுபோகலாம். குரல்தான் அவருடைய பிழைப்பு. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: வெட்டி ஒட்டியே ஒருவரை அசிங்கமாகப் பேச வைக்க முடியும், அதையும் நான் நீக்கியிருக்கிறேன்.

தூங்காதவன்: நடிகருக்கு எழுதினால் பதில் வராது. அப்படியானால் காசு உள்ளவர்கள்தான் கதை மோட் செய்ய முடியுமா?

பதில் வராதது சம்மதம் ஆகாது. காசு இல்லாமலும் வழி இருக்கிறது. என் மோட் ஒன்றில் வரும் கிழவிக்கு என் நண்பரின் அம்மா குரல் கொடுத்தார். எதிரொலி வராமல் இருக்கப் போர்வைக்குள் உட்கார்ந்து, கைபேசியில் நாற்பது வரி பதிவு செய்தார். மாடிப்படி ஏறும் வரியில் அவருக்கு உண்மையிலேயே மூச்சு வாங்கியது. அதை வெட்டாமல் வைத்தேன். அந்த மோடைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் அந்தக் கிழவியைக் குறிப்பிட்டார்கள். கதாநாயகனைப் பேச வைக்காமல் எழுத்தில் மட்டும் வசனம் கொடுங்கள், சுற்றியிருப்பவர்களுக்கு ஆள் தேடுங்கள். கேட்டால் வருவார்கள்.

மழைத்துளி: சரி, அந்த மோடர் பல வருடமாக ஆளே இல்லை. அப்போது கிரெடிட் போதுமா?

போதாது. அவர் பக்கத்திலேயே அனுமதி விவரம் எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். எழுதவில்லை என்றால் தொடாதீர்கள்.

கம்பிவேலி: என் மோட் புது பதிப்பு வந்திருக்கிறதா என்று இணையத்தில் பார்க்கும். அதையும் எழுத வேண்டுமா?

கட்டாயம். எந்த முகவரிக்குப் போகிறது, என்ன அனுப்புகிறது, எப்படி நிறுத்துவது, மூன்றையும் எழுதுங்கள். 2023 ஜூனில் ஃப்ராக்சரைசர் என்ற தீநிரல் மைன்கிராஃப்ட் மோட்கள் வழியாகப் பரவியது. அதே வருடம் கிறிஸ்துமஸ் அன்று, ஸ்லே தி ஸ்பயர் கேமின் டவுன்ஃபால் மோடின் கணக்கைக் கைப்பற்றி, கடவுச்சொல் திருடும் நிரலை அப்டேட்டாக அனுப்பினார்கள். சொல்லாமல் வெளியே பேசும் மோடைப் பார்த்தால் ஆட்கள் பயப்படத்தான் செய்வார்கள். உங்கள் கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பும் (கடவுச்சொல்லோடு இன்னொரு சரிபார்ப்பு) போட்டுவிடுங்கள்.

வெண்கலம்: காரணமே சொல்லாமல் நீக்கினால்?

ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தால் டிஜிட்டல் சேவைகள் சட்டம் உதவும். 2024 பிப்ரவரி 17 முதல், ஒன்றை நீக்கும் தளம் அதற்கான காரணத்தைத் தெளிவாகத் தெரிவிக்க வேண்டும். மற்ற இடங்களில், எந்த விதி, எந்தக் கோப்பு என்று இரண்டே கேள்வி கேட்டு எழுதுங்கள். கோபமாக எழுதிய முறையீட்டில் கோப்பின் பெயரைத் தேடியே எனக்கு நேரம் போயிருக்கிறது.

நிலவறை: வாளை எடுத்துவிட்டேன் அண்ணா. நானே ஒன்று செய்கிறேன். அதே மாதிரி இருக்கலாமா?

நீளமான வாள் யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் அந்தக் கைப்பிடிச் செதுக்கலை அப்படியே நகல் எடுக்காதீர்கள், உங்களுடையதாக ஒன்றை வரையுங்கள். பிளெண்டர் (முப்பரிமாண வடிவம் செய்யும் மென்பொருள்) கோப்பை நாளுக்கு ஒரு பெயரில் சேமித்து வையுங்கள். புகார் வந்தபோதெல்லாம் நான் முதலில் கேட்டது அந்தப் பழைய கோப்புகளைத்தான்.