ரிக் யான்சியின் 'தி மான்ஸ்ட்ரமாலஜிஸ்ட்' நாவலை ஒன்பதாவது படிக்கும் பிள்ளைக்குக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் நீங்கள் முதலில் படித்துவிடுங்கள். இளையோர் நூல்களுக்கு அமெரிக்காவில் தரும் பிரின்ட்ஸ் விருதின் சிறப்புப் பட்டியலில் 2010ல் இடம்பெற்ற நாவல்தான். அதற்காக ரத்தமும் சீழும் புழுவும் குறைவு என்று நினைத்துவிட வேண்டாம். சாப்பிட்டுக்கொண்டே படிக்கிற பிள்ளை என்றால் சோறு மிச்சமாகும்.

கதை 1888ல், அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் நடக்கிறது. பெற்றோரைத் தீ விபத்தில் இழந்த 12 வயது வில் ஹென்றி, விசித்திர ஜந்துக்களை ஆராயும் டாக்டர் வார்த்ராப்பிடம் உதவியாளாக இருக்கிறான். ஒரு ராத்திரி கல்லறைத் திருடன் ஒருவன் ஒரு பெண்ணின் பிணத்தைக் கொண்டுவருகிறான். அதைக் கட்டிக்கொண்டு இன்னொன்றும் செத்துக் கிடக்கிறது. தலை கிடையாது, கண்கள் தோளில், வாய் நெஞ்சில்.

நம் பிள்ளைகளுக்கு இந்த உருவம் புதிதில்லை. ராமாயணத்துக் கவந்தன் இருக்கிறானே, வயிற்றில் வாயோடு! ஆனால் கவந்தனுக்கு ஒரு சாபம் உண்டு, ராமன் கையால் விமோசனமும் உண்டு. செத்தபிறகு நல்ல வழி சொல்லிவிட்டுப் போகிறான். யான்சியின் ஜந்துவுக்கு அப்படி எதுவும் இல்லை. பசிக்கிறது, தின்கிறது. அதை அந்த ஊருக்குக் கொண்டுவந்தது யார் என்று தெரியவரும்போதுதான் வயிற்றைப் பிசைகிறது.

நான் இதை ஏற்காட்டில், காபித் தோட்டத்துக்குள் இருக்கும் வீட்டில் டிசம்பர் மாதம் படித்தேன். பனி இறங்கினால் எதிரே நிற்கிற சில்வர் ஓக் மரம்கூடத் தெரியாது. காட்டெருமை வேறு வேலியோரம் மூச்சுவிடும். அதனால் நான் கொஞ்சம் தாராளமாக மார்க் போட்டிருக்கலாம். சேலம் அஸ்தம்பட்டியில் மே மாத வெக்கையில் படித்த அத்தை மகள், நடுவில் வளவளவென்று போகிறது என்றாள். அதுவும் நியாயம்தான். டாக்டர் பேச ஆரம்பித்தால் நிறுத்துவதில்லை.

என்னை உண்மையில் பயமுறுத்திய இடத்தில் ஜந்து வரவே இல்லை. பழைய கப்பல் கேப்டன் ஒருவரைத் தேடி டாக்டரும் வில்லும் ஒரு மனநோய் விடுதிக்குப் போகிறார்கள். கவனிக்க ஆளில்லாமல் உடம்பில் புழு வைத்துக் கிடக்கிறார் மனிதர். அதைச் செய்தது எந்த அரக்கனும் இல்லை, சம்பளம் வாங்கும் ஆட்கள். அப்புறம் கியர்ன்ஸ் என்று ஒரு வேட்டைக்காரன் வருகிறான், சிரித்துக்கொண்டே ஒரு பெண்ணை இரையாக வைக்கிறான். இவனோடு ஒப்பிட்டால் அந்த ஜந்து பரவாயில்லை.

இதற்கெல்லாம் நடுவில் அந்தப் பையன். டாக்டருக்கு அவன் இல்லாமல் முடியாது, ஆனால் அதை அன்பு என்று சொல்ல அவர் வாய் வராது. 'உன் உதவி எனக்கு அவசியம்' என்கிற மாதிரி ஏதாவது சொல்வார். அதையே பெரிய பரிசாக எடுத்துக்கொண்டு அவன் மறுபடி விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பான். வேறு போக்கிடம் இல்லாத பிள்ளை என்ன செய்யும்? என் கணக்கில் நாவலே இதுதான். மற்றதெல்லாம் மேலே தெளித்த ரத்தம்.

ஆங்கிலம் பழைய பாணி, நீளமான வாக்கியங்கள். கதைப் புத்தகம் படித்துப் பழகாத பிள்ளைக்கு முதல் ஐம்பது பக்கம் இழுவையாக இருக்கும். வரிசையில் மொத்தம் நான்கு நாவல்கள், கடைசியானது 2013ல் வந்தது. நான்கையும் ஒரேயடியாக வாங்காதீர்கள். அந்த விடுதி அத்தியாயத்தை உங்கள் பிள்ளை தாண்டுகிறானா என்று பார்த்துவிட்டு அடுத்ததை வாங்கினால் போதும்.