பழைய ஹெட்டுக்கு போர்ட்டிங் செய்யலாமா?

கேள்வி: என்னிடம் இருப்பது 16 வால்வு எம்.பி.எஃப்.ஐ. (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர்) மாருதி எஸ்டீம் கார். புதுப்பேட்டையில் ஒரு பழைய சிலிண்டர் ஹெட் (சிலிண்டர்களை மேலே மூடும், வால்வுகள் இருக்கும் பகுதி) மலிவாகக் கிடைத்ததால் வாங்கி வைத்திருக்கிறேன். அதை போர்ட்டிங் செய்து (காற்று போய்வரும் போர்ட்களை இழைத்துப் பெரிதாக்கி) மாட்டினால் வண்டி பறக்கும் என்கிறார்கள் நண்பர்கள். தினமும் வேலைக்குப் போய்வரும் வண்டிதான், எப்போதாவது ஊட்டி. செய்யலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கரி ஸ்பீட்வே ரேஸ் டிராக் இருக்கிற ஊரில் நண்பர்கள் ஏற்றிவிடாமல் இருந்தால்தான் ஆச்சரியம். முழு போர்ட்டிங் வேண்டாம். அந்தக் காசை முதலில் ஹெட்டைச் சோதிக்கவும், அப்புறம் வால்வு வேலைக்கும் செலவழியுங்கள்.

அந்த ஹெட் ஏன் கடைக்கு வந்தது என்று யோசியுங்கள். வண்டி ஓவர்ஹீட் ஆகிக் கழற்றியதாகவும் இருக்கலாம். கவிழ்த்து வைத்து, நேரான ஸ்டீல் பட்டையைக் குறுக்கும் நெடுக்குமாகப் பிடித்துப் பாருங்கள்; அடியில் 0.05 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) எங்கேயாவது நுழைந்தால் ஹெட் வளைந்திருக்கிறது. லேத்தில் ஃபேஸிங் போட்டால் (பரப்பைச் சீவினால்) அடிப்பக்கம் சமமாகிவிடும், ஆனால் இந்த இன்ஜினில் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் தனி பேரிங் இல்லாமல் நேரடியாக அலுமினியத்தில்தான் சுற்றுகிறது, அந்த வளைவு மேலேயும் இருக்கும், அதை ஃபேஸிங் சரிசெய்யாது. போல்ட் போட்டு இறுக்கிய கேம் கையால் லேசாகச் சுற்றவில்லை என்றால் அந்த ஹெட்டை மறந்துவிடுங்கள். வால்வு சீட்டுகளுக்கு (வால்வு வந்து உட்காரும் வளையங்கள்) நடுவே விரிசல் இருக்கிறதா என்று பிரஷர் டெஸ்ட் கட்டாயம்.

பிறகு வால்வுகளை மாட்டியபடியே எரியறையில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொஞ்ச நேரம் விடுங்கள். போர்ட் வழியாகக் கசிந்து வந்தால் சீட் போய்விட்டது. வால்வை ஒரு சென்டிமீட்டர் தூக்கிப் பக்கவாட்டில் ஆட்டினால் கடகடவென்று ஆடுகிறதா? கைடு (வால்வுத் தண்டு ஓடும் குழாய்) மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப்புகைதான்.

இனி போர்ட்டிங். இந்த இன்ஜினின் 85 குதிரைத்திறன் வருவது 6000 ஆர்.பி.எம்.மில். அவினாசி ரோடு நெரிசலில் நீங்கள் இருப்பதோ 2000, 2500. அங்கே இன்டேக் ஓட்டையைப் பெரிதாக்கினால் காற்றின் வேகம் குறைந்து அடி இழுவை போய்விடும், கல்லாறு தாண்டி மலை ஏறும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அது உங்களுக்கே தெரியும். அதிக ஆர்.பி.எம்.மில் கிடைக்கிற லாபமும் கேம், எக்ஸாஸ்ட், ஈ.சி.யு. (இன்ஜின் கம்ப்யூட்டர்) மூன்றையும் தொடாமல் சொற்பம்தான்.

காற்று அதிகம் தடுமாறுவது வால்வுக்குப் பக்கத்தில். சீட் வளையம் வார்ப்போடு சேருகிற இடத்தில் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள், ஒரு விளிம்பு தட்டுப்படும். அதை மட்டும் மென்மையாக இழைக்கச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் சீட்டை 30, 45, 60 டிகிரி என மூன்று கோணத்தில் வெட்டச் சொல்லுங்கள். மேனிஃபோல்டு கேஸ்கட்டை வைத்துக் கோடு கீறி, வெளியே துருத்தும் உதட்டையும் எடுக்கலாம். போர்ட்டின் சுவரைத் தொட வேண்டாம், பின்னால் வாட்டர் ஜாக்கெட் (குளிர்விக்கும் தண்ணீர் ஓடும் வழி) இருக்கிறது. டை கிரைண்டர் ஒரு இடத்தில் அழுந்தினால் ஓட்டை விழுந்து ஹெட் எடைக்குத்தான் போகும்.

கேள்வி: போர்ட்டைக் கண்ணாடி மாதிரி பாலிஷ் செய்து, ஹெட்டையும் நிறைய சீவி கம்ப்ரெஷன் ஏற்றினால்?
– வாசகர், மதுரை

பதில்: எக்ஸாஸ்ட் பக்கம் பாலிஷ் செய்தால் கரி கொஞ்சம் குறைவாகப் படியும், அவ்வளவுதான். இன்டேக்கில் லேசான சொரசொரப்பு இருக்கட்டும், வழுவழுப்பான சுவரில் பெட்ரோல் துளியாகத் திரண்டு வழியும். சீவுவது ஃபேஸிங்குக்குத் தேவையான அளவுக்கு மேல் வேண்டாம். சாதாரண பெட்ரோலில் நாக்கிங் (கலவை தானாக வெடித்து இன்ஜின் தட்டுவது) வரும். கேம் கிராங்குக்குக் கிட்டே வருவதால் பெல்ட் டைமிங்கும் சற்றுப் பின்தங்கும். ஹெட்டைத் திரும்ப மாட்டும்போது புது ஹெட் கேஸ்கட், புது டைமிங் பெல்ட் போடுங்கள், அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.