சங்கத்தை விட்டு விலகினால் இடாப்பில் பெயர் என்னாகும்? – கேள்வி பதில்

திருகோணமலை மாவட்டத்தில் கூட்டுறவுச் சங்கங்களின் புத்தகங்களைப் பரிசோதிப்பதிலேயே என் உத்தியோக காலம் முழுவதும் போனது. ஓய்வு பெற்ற பிறகும் சங்கத்துக்காரர்கள் கேள்விகளோடு வருகிறார்கள். இந்த முறை வந்தவற்றில் பல, விலகியவரின் பதிவை என்ன செய்வது என்பது பற்றியவை.

நிலாவெளி, கடற்றொழிலாளர்: ஐயா, நான் சங்கத்தை விட்டு விலகி மூன்று வருடம். இன்னும் என் பெயர் இடாப்பில் இருக்கிறதாம். அந்தத் தாளைக் கிழித்து எடுக்கச் சொல்லலாமா?

சொல்லாதீர்கள் தம்பி. அந்தத் தாள்தான் உங்களுக்குக் காவல். 1972ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டப்படி, நீங்கள் விலகிய நாளில் சங்கம் பிறருக்குக் கொடுக்க வேண்டியிருந்த கடன்களுக்கான உங்கள் பொறுப்பு, அன்றிலிருந்து 2 வருடம் தொடரும். அதன்பின் இல்லை. சரி, விலகிய நாள் எது? யாராவது மறுத்து நிரூபிக்கும்வரை, இடாப்பில் உள்ள திகதியே சான்று. தாளைக் கிழித்தால் அந்தத் திகதியும் போய்விடும். பெயருக்கு நேரே விலகிய திகதி, கூட்டத் தீர்மானம், பங்குப் பணம் திரும்பத் தந்த பற்றுச்சீட்டின் இலக்கம் மூன்றும் இருக்கின்றனவா என்று போய்ப் பாருங்கள்.

2004 சுனாமிக்குப் பிறகு கரையோரச் சங்கம் ஒன்றின் இடாப்பு உப்புத் தண்ணீரில் ஊறிய நிலையில் கிடைத்தது. தாளுக்குத் தாள் பழைய பத்திரிகை வைத்து நாட்கணக்காகக் காயவைத்தோம். மைப் பேனையால் எழுதியது நீலமாகக் கரைந்து பரவியிருந்தது. குமிழ்முனைப் பேனையால் எழுதிய வரிகள் மட்டும் நின்றன. ஓர் அம்மாவின் பெயருக்கு மேல் அடிமட்டம் வைத்து இழுத்த ஒற்றைக் கோடு, ஓரத்தில் திகதி, 'விலகினார், பங்கு மீளப் பெற்றார்' என்ற குறிப்பு, அவருடைய கையெழுத்து. அவர் விலகிய பிறகு சங்கம் எடுத்த கடனில் அவருக்கும் பங்கு உண்டென்று சிலர் நின்றபோது, அந்த ஒரு வரிதான் அவரைக் காப்பாற்றியது. அன்றிலிருந்து எங்கே போனாலும் சொல்கிறேன்: குமிழ்முனைப் பேனை, ஒற்றைக் கோடு, கீழே உள்ள பெயர் வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். வெள்ளை மை பூசவே கூடாது.

மூதூர், மாதர் சங்கப் பொருளாளர்: ஒருவர் விலகல் கடிதம் தந்திருக்கிறார். ஆனால் இன்னொருவரின் கடனுக்கு அவர் பிணை நிற்கிறார். பெயரை வெட்டலாமா?

கடிதத்தைக் கூட்டத்தில் வைத்து, கூட்டறிக்கையில் எழுதுங்கள் தங்கச்சி. உங்கள் யாப்பு பிணை நிற்பவரை விலக விடுகிறதா என்றும் பாருங்கள். விட்டாலும் பிணை போகாது. அது கடன் பத்திரத்தில் போட்ட கையெழுத்து. கடன் தீரும்வரை, அல்லது வேறு பிணையாளரைச் சங்கம் ஏற்கும்வரை இருக்கும். இதை அவரிடம் இப்போதே நேரில் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டுப் பிறகு வாசலில் போய் நிற்பதால்தான் அயல் பகையாகிறது.

கிண்ணியா: விலகியவர் திரும்பச் சேர்ந்தால் பழைய அங்கத்துவ இலக்கமா?

புதிய இலக்கம். இரண்டு பக்கத்திலும் மற்ற இலக்கத்தைக் குறித்து வையுங்கள், போதும்.

உப்புவெளி: என் அடையாள அட்டைப் பிரதி, போட்டோ எல்லாம் சங்கத்திலேயே கிடக்கின்றன. திரும்பக் கேட்க எனக்கு உரிமை உண்டா?

கட்டாயம் கேளுங்கள். பெயர், சேர்ந்த நாள், விலகிய நாள், பணக் கணக்கு ஆகியவை சங்கத்தில் இருக்க வேண்டியவை. கடனோ பிணையோ பாக்கி இல்லையென்றால் அடையாள அட்டைப் பிரதிக்கு அங்கே வேலையில்லை. ஒரு தேவைக்காக வாங்கிய தனிப்பட்ட விவரத்தை அந்தத் தேவை முடிந்த பின் வைத்திருக்கக்கூடாது என்பதே 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நோக்கமும். விலகிய ஒருவரின் அடையாள அட்டைப் பிரதியின் பின்பக்கத்தில் கூட்டத்துத் தேத்தண்ணிக் கணக்கு எழுதியிருந்ததை ஓரிடத்தில் பார்த்தேன். மனம் பொறுக்கவில்லை. நம்பித் தந்த பொருள் அல்லவா?

தம்பலகாமம், புதிய செயலாளர்: இடாப்பைக் கணினியில் ஏற்றுகிறேன். விலகியவர்களை விட்டுவிடலாமா?

விடாதீர்கள். 'விலகிய திகதி' என்று ஒரு நிரல் சேருங்கள். அப்புறம் ஒரு சிக்கல் வரும். 2016 முதல் தேசிய அடையாள அட்டைக்கு 12 இலக்கம். பழையதில் 9 இலக்கமும் ஓர் எழுத்தும். விலகும்போது பழைய எண்ணும் திரும்பச் சேரும்போது புதிய எண்ணும் தந்த ஒருவர், உங்கள் பட்டியலில் இரண்டு பேராகத் தெரிவார். பழைய எண் 85இல் தொடங்கினால் புதியது 1985 என்று தொடங்கும். அடுத்த மூன்று இலக்கம் பிறந்த நாளுக்குரியது, மாறாது. அதற்கடுத்து ஒரு பூச்சியம் சேரும், கடைசி எழுத்து போய்விடும். இப்படி ஒப்பிட்டால் ஆள் ஒருவர்தான் என்று தெரிந்துவிடும்.

சாம்பல்தீவு: அம்மா காலமாகிவிட்டா. அவவின் பெயரை வெட்டி அந்த இடத்தில் என் பெயரைப் போடச் சொல்லலாமா?

அப்படிப் போட முடியாது மகள். அங்கத்துவம் ஆளோடு முடிகிறது. பங்குப் பணம், அம்மா பின்னுரித்தாளியாக யாரைக் குறித்திருக்கிறாவோ அவருக்குரியது. மரணச் சான்றிதழோடு செயலாளரிடம் போய், அந்தக் குறிப்பை நீங்களே வாசித்துப் பாருங்கள். அம்மா காலமான நாளில் சங்கம் பிறருக்குக் கொடுக்க வேண்டியிருந்த கடனில் அவவுக்குப் பொறுப்பு ஏதும் இருந்தால், அவ விட்டுச்சென்ற உடைமைமீது அது 1 வருடம் வரை இருக்கும். அதையும் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். நீங்கள் சேர விரும்பினால் தனியாக விண்ணப்பம் கொடுங்கள். உங்கள் பெயர் புதிய வரியில் வரும். அம்மாவின் வரி அப்படியே இருக்கட்டும்.