புயலுக்குப் பிறகு எங்கள் தெருவுக்கு மட்டும் ஏன் கடைசியில் கரண்ட் வருகிறது? ஜெனரேட்டர் வாங்கினால் தீருமா?

வேதாரண்யம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். கஜா புயலின்போது அவர்கள் தெருவுக்கு மின்சாரம் திரும்ப மூன்று வாரத்துக்கு மேல் ஆகிவிட்டதாம். டவுனில் அதற்கு வெகுநாள் முன்பே விளக்கு எரிந்ததாம். தெருவில் 12 வீடுகள், ஏறக்குறைய 50 பேர். எல்லோரும் பணம் போட்டு ஒரு ஜெனரேட்டர் வாங்கி வைக்கலாம் என்று பேச்சு ஓடுகிறது. "வாங்கலாமா, எவ்வளவு பெரியது வேண்டும், எங்களை மட்டும் ஏன் கடைசியில் கவனிக்கிறார்கள்?" என்பது அவருடைய கேள்வி.

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது தெளிந்தால் மற்ற இரண்டுக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

மின்சாரத்தை மேலிருந்து கீழாகத்தான் சரிசெய்து வர முடியும். முதலில் உயரமான கோபுர லைன், அதன்பின் துணை மின்நிலையம், அங்கிருந்து ஊர்களுக்குப் பிரியும் உயர் அழுத்தக் கம்பியான ஃபீடர், பிறகு டிரான்ஸ்பார்மர், அதற்கும் பிறகு தெருக்கம்பி, கடைசியாக உங்கள் வீட்டு சர்வீஸ் வயர். மேலே ஒரு ஃபீடரைச் சரிசெய்தால் ஆஸ்பத்திரி, குடிநீர் பம்ப், ஆயிரக்கணக்கான வீடுகள் என்று எல்லாம் ஒரே நாளில் உயிர் பெறும். கீழே ஒரு டிரான்ஸ்பார்மரின் தெருக்கம்பிகளைச் சரிசெய்ய அதே ஆட்கள் அதே ஒரு நாளைச் செலவழித்தால் ஐம்பது, நூறு வீடுகளுக்குத்தான் வெளிச்சம் வரும். அதனால் ஓரத்துத் தெரு கடைசியில் வருவதில் பெரும்பகுதி இந்தக் கணக்குதான். பாரபட்சமே கிடையாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பாரபட்சமே இல்லாவிட்டாலும் வரிசை இப்படித்தான் இருக்கும்.

கஜா 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. விழுந்த மின்கம்பங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். காற்று நேரடியாகத் தள்ளி விழுந்தவை மட்டுமல்ல அவை. தென்னை கம்பி மேல் சாயும், கம்பி இழுக்கும், ஒரு கம்பம் போனால் அடுத்தடுத்த கம்பங்களும் வரிசையாகச் சாயும். பொதுவாக ஒரு கம்பத்தின் நீளத்தில் ஆறில் ஒரு பங்கு மண்ணுக்குள் இருக்கும். 9 மீட்டர் கம்பம் என்றால் ஒன்றரை மீட்டர். மழையில் ஊறிய வயல் களிமண் அந்த ஒன்றரை மீட்டரைப் பிடித்துக்கொள்ளாது. புதுக் கம்பத்தை அந்த வயலுக்குள் கொண்டுபோக லாரியும் கிரேனும் நுழைய முடியாது. சேற்றில் இறங்கி ஆட்கள் தோளில் சுமந்துபோய் நட்டதை நீங்களே பார்த்திருப்பீர்கள். கேரளம், ஆந்திரம், கர்நாடகத்திலிருந்தெல்லாம் பணியாளர்கள் வந்தும் வேலை இழுத்தது. 2019 மே மாதம் ஃபானி புயலில் ஒடிசாவும் இதையே அனுபவித்தது. பத்து லட்சத்துக்கும் அதிகமான மக்களை முன்கூட்டியே வெளியேற்றிக் காட்டிய மாநிலம் அது. அங்கும் பூரி பக்கம் மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. உயிரைக் காப்பாற்றுவதில் நாம் வெகுவாகத் தேறிவிட்டோம், கம்பத்தைக் காப்பாற்றுவதில் இன்னும் தேறவில்லை.

ஆகவே, அடுத்த புயலிலும் இரண்டு மூன்று வாரம் இருட்டு என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். இருட்டைச் சமாளித்துவிடலாம். தண்ணீர்தான் சிக்கல். உங்கள் பகுதிக்குக் கொள்ளிடத்திலிருந்து வரும் கூட்டுக் குடிநீருக்கு ஆற்றங்கரை பம்ப் ஓட வேண்டும், வழியில் உள்ள பம்புகள் ஓட வேண்டும், ஊர் மேல்நிலைத் தொட்டிக்கும் ஏற வேண்டும். இதில் ஏதாவது ஓரிடத்தில் கரண்ட் இல்லையென்றாலும் குழாய் வறண்டுவிடும்.

எனவே ஜெனரேட்டருக்குப் பணம் திரட்டும் முன் தெருவில் அடிபம்பு இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று பாருங்கள். கைப்பிடி உடைந்து, வாஷர் தேய்ந்து ஓரமாகக் கிடந்தால் முதல் செலவு அதற்குத்தான். அதற்கு பெட்ரோல் வேண்டாம், மெக்கானிக்கைத் தேடி அலையவும் வேண்டாம்.

அப்புறம் ஜெனரேட்டர். வாங்கலாம், ஆனால் தண்ணீருக்காக மட்டும். நிவாரண முகாம்களில் ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் என்பது உலக அளவில் வைத்திருக்கும் கணக்கு. 50 பேருக்கு 750 லிட்டர். ஒரு குதிரைத்திறன் மோட்டார் கிணற்றிலிருந்தோ ஆழமில்லாத போரிலிருந்தோ அதை அரை மணி நேரத்துக்குள் இறைத்துவிடும். மோட்டார் ஓடும்போதே ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டியில் பவர் பேங்குகளையும் எமர்ஜென்சி விளக்கையும் சார்ஜ் போட்டுக்கொண்டு, மொத்தம் ஒரு மணி நேரத்தில் நிறுத்திவிடலாம். சின்ன பெட்ரோல் ஜெனரேட்டருக்கு மணிக்கு ஒரு லிட்டர், சற்று கூடவும் ஆகலாம். மூன்று வாரத்துக்கு 20, 25 லிட்டர். இது 12 வீடுகளால் தாங்க முடிகிற செலவு. ஃப்ரிட்ஜ், ஃபேன், டிவி என்று ஆரம்பித்தால் இரண்டே நாளில் இவ்வளவு பெட்ரோலும் தீரும். தெருவில் சண்டையும் வரும்.

அளவைப் பொறுத்தவரை, ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட்தானே, ஒரு கே.வி.ஏ. (ஏறக்குறைய ஆயிரம் வாட்) ஜெனரேட்டர் போதும் என்று கடைக்காரர் சொல்லலாம். போதாது. மோட்டார் கிளம்பும் கணத்தில் ஓடும்போது எடுப்பதைப்போல் பல மடங்கு கரண்ட் இழுக்கும். 3 கே.வி.ஏ. வாங்குங்கள். வாங்கும் முன் உங்கள் மோட்டாரையே கடைக்கு எடுத்துப்போய் ஓட்டிப் பார்த்துவிடுவது இன்னும் நல்லது.

பெட்ரோலை பிளாஸ்டிக் கேனில் வாங்கி வீட்டுக்குள் அடுக்க வேண்டாம், அதுவே ஒரு ஆபத்து. புயல் எச்சரிக்கை வந்தவுடன் தெருவில் உள்ள எல்லா டூவீலருக்கும் டேங்கை நிரப்பிவிடுங்கள், அதுதான் உங்கள் இருப்பு. பழைய வண்டிகளில் குழாயைக் கழற்றி இறக்குவது எளிது. பெட்ரோலைப் பீய்ச்சியடிக்கும் கருவி (எஃப்.ஐ.) உள்ள புது வண்டிகளில் மெக்கானிக் இல்லாமல் கை வைக்காதீர்கள்.

இனி சொல்வதில் கொஞ்சமும் விளையாட்டு கூடாது. ஜெனரேட்டர் வயரை வீட்டு பிளக்கில் செருகி "வீடு முழுக்க" கரண்ட் கொடுக்கும் பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. அந்த 230 வோல்ட் சர்வீஸ் வயர் வழியாக வெளியேறி டிரான்ஸ்பார்மரை அடைந்தால் மறுபக்கம் பல ஆயிரம் வோல்ட்டாக ஏறிவிடும். லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் அதோடு முடிந்தார். மோட்டாரை நேரடியாக ஜெனரேட்டரில் இணையுங்கள். வீட்டு வயரிங்கோடு சேர்த்தே ஆக வேண்டும் என்றால் வெளி லைன், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டுமே வீட்டோடு இணைக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் கட்டாயம். ஜெனரேட்டர் வைக்கும் இடம் திறந்தவெளியாக இருக்க வேண்டும். மழை தூறுகிறது என்று திண்ணையிலோ, ஜன்னலுக்குக் கீழோ வைத்தால் அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு தூங்குகிறவர்களை எழாமலே செய்துவிடும். அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது.

இறைத்த தண்ணீர் குடிக்க உகந்ததா என்பது வேறு கேள்வி. சாதாரணக் காலத்தில் கிணற்றுக்கு ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் கணக்கு. ஒரு மீட்டர் அகல உறைகிணற்றில் மூன்று மீட்டர் தண்ணீர் இருந்தால் சுமார் 2,350 லிட்டர், அதற்கு ஆறு கிராம் வரும். பவுடரை வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிவை மட்டும் கிணற்றில் கலந்து, ஒரு மணி நேரம் விட வேண்டும். வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு முதல் தடவை இது காணாது. பல மடங்கு போட்டு, அந்தத் தண்ணீரைக் குடிக்காமல் இறைத்துவிட்டுத்தான் மேற்சொன்ன அளவுக்கு வர வேண்டும். அந்த முதல் அளவை உங்கள் சுகாதார ஆய்வாளரிடம் கேட்டுப் போடுங்கள். அதுவரை காய்ச்சிக் குடிப்பதுதான் வழி.

கடல்நீர் ஏறியிருந்தால் கதை வேறு. உப்பைக் காய்ச்சியும் எடுக்க முடியாது, பிளீச்சிங் போட்டும் எடுக்க முடியாது. சரி, மோட்டார் போட்டு ஒரேயடியாக இறைத்துக் கொட்டிவிடலாம் என்று தோன்றும். கடலோர மணலில் நல்ல தண்ணீர் கனமான உப்புநீருக்கு மேலே படலமாக நிற்கிறது. வேகமாக இறைத்தால் அடியிலிருக்கும் உப்பு மேலே ஏறும். 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையின் மட்டக்களப்புப் பக்கம் நல்லெண்ணத்தோடு திரும்பத் திரும்ப இறைத்ததில் சில கிணறுகளின் உப்பு கூடியது, சில கிணறுகள் இடிந்தும் விழுந்தன. வெளியிலிருந்து வந்த குப்பையையும் சேற்றையும் அள்ளிவிட்டு, மெதுவாகக் கொஞ்சம் இறைத்து, மிச்சத்தை மழைக்கு விடுங்கள். அந்த வாரங்களில் குடிக்க லாரித் தண்ணீர்தான்.

கரண்டைச் சீக்கிரம் வரவழைக்கத் தெருவால் ஏதாவது முடியுமா என்றால், கொஞ்சம் முடியும். உங்கள் டிரான்ஸ்பார்மரிலும் கம்பங்களிலும் எழுதியிருக்கும் எண்களை இப்போதே ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். "எங்க தெரு" என்று சொல்வதைவிட, எந்த எண் கம்பம் எங்கே விழுந்தது என்று சொன்னால் வேலை நகரும். மின் புகாருக்கு மின்னகம் 94987 94987, பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு மாவட்டத்தில் 1077, மாநிலத்தில் 1070. பாதையில் விழுந்த மரங்களை அறுத்து, கம்பம் ஏற்றிய வண்டி உள்ளே வர வழி செய்யுங்கள். ஆனால் கம்பியோடு பின்னிக் கிடக்கும் மரத்தை, லைன் நிறுத்தப்பட்டதை லைன்மேன் உறுதி செய்யும்வரை தொடாதீர்கள். தண்ணீர் ஏறிய வீடுகளில் மெயின் சுவிட்சை அணைத்தே வைத்து, வயர்மேன் பார்த்த பிறகுதான் போட வேண்டும்.

ஜெனரேட்டர் வாங்கினால் யார் வீட்டில் இருக்கும், யார் ஓட்டுவார், பெட்ரோலுக்கு யார் எவ்வளவு என்பதை வாங்குகிற அன்றே எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை மோட்டாரை இணைத்துக் கால் மணி நேரம் ஓட்டுங்கள். ஓட்டி முடித்ததும் கார்புரேட்டரில் மிஞ்சிய பெட்ரோலை வடித்துவிடுங்கள். பழைய பெட்ரோல் பிசினாகப் படிந்துவிட்டால் புயல் அன்று கயிற்றை எத்தனை தடவை இழுத்தாலும் அது கிளம்பாது.