நுரையீரலில் நெளிந்த வெள்ளை நூல்

கேள்வி: டாக்டர், ஜெர்மனியில் பவேரியாவில் வேலை பார்க்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் வேட்டைக்குப் போகிறவர். போன மாதம் அவர் சுட்ட இளம் காட்டுப்பன்றியைச் சுத்தம் செய்தபோது கூட இருந்தேன். நுரையீரலை அறுத்த இடத்தில் வெள்ளை நூல் போலப் புழுக்கள் நெளிந்தன. 'இது சகஜம்தான்' என்றார். என்ன புழு அது? கறியைச் சாப்பிடலாமா?
– ஒரு வாசகர், பவேரியா

பதில்: முதலில் கறி. நீங்கள் பார்த்தது மூச்சுக்குழாய்களுக்குள் வாழும் நுரையீரல் புழு, மெட்டாஸ்ட்ராஞ்சைலஸ். இது தசையில் இருக்காது. பன்றிக்குத் தொற்றுவதும் கறி வழியாக அல்ல, மண்புழு வழியாக. பன்றி இருமி விழுங்கிய முட்டைகள் சாணத்தோடு வெளியே வரும், மண்புழு அவற்றைத் தின்னும், மண்ணைக் கிளறும் பன்றி அந்த மண்புழுவைத் தின்னும். அப்புறம் சுமார் நான்கு வாரத்தில் புது முட்டைகள். மனிதருக்கு வந்தது மிக மிக அரிது. நுரையீரலை ஒதுக்கிவிட்டு, கறியை நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள். ஆனால் டிரிக்கினெல்லா வேறு புழு, அது தசைக்குள் இருப்பது. அங்கே சட்டப்படி கட்டாயமான அந்தப் பரிசோதனை முடிந்ததா என்று கேட்காமல் வாயில் வைக்காதீர்கள். நாய்க்கும் பச்சை நுரையீரலைப் போட வேண்டாம். காட்டுப்பன்றியிடமிருந்து அவுஜெஸ்கி வைரஸ் தொற்றினால் நாய் பிழைக்காது.

சகஜம் என்று உங்கள் நண்பர் சொன்னது சரிதான், குட்டிகளிடம் இன்னும் அதிகம். ஆனால் ஒரே பன்றியில் இரண்டு மூன்று இனங்கள் கலந்திருப்பதும் சகஜம். எது எது என்று பிரிப்பதில்தான் என் வேலைக்காலத்தில் பாதி போனது.

சாணத்தில் முட்டையைப் பார்த்தால் தொற்று இருப்பது தெரியும், இனம் தெரியாது. சொரசொரப்பான தடித்த ஓடு, உள்ளே சுருண்ட இளம்புழு, எல்லா இனத்துக்கும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். முட்டை கனமானது என்பதால் சாதாரண உப்புக் கரைசலில் சரியாக மிதக்காது, மெக்னீசியம் சல்பேட் கரைசல் வேண்டும்.

இனம் அறிய ஆண் புழுவின் வால்தான் வேண்டும். அதில் இணைசேர உதவும் இரண்டு மெல்லிய முட்கள் உண்டு. ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் நீளம், நுனியில் ஒற்றைக் கொக்கி என்றால் ஆப்ரி. ஒன்றரை மில்லிமீட்டர் அளவில், நுனியில் இரட்டைக் கொக்கி என்றால் புடென்டோடெக்டஸ். நடுவில் 2 மில்லிமீட்டருக்குச் சற்று மேலே இருப்பது சால்மி.

நான் படிக்கிற காலத்தில் முதல் நுரையீரலில் இடுக்கியால் புழுக்களை ஒவ்வொன்றாக இழுத்தேன். எல்லாம் அறுந்தன, வால்கள் உள்ளேயே தங்கிவிட்டன. ஒரு முழு நாள் வேலை வீணானது, இன்றும் வருத்தமாக இருக்கிறது. அதன்பின் இழுப்பதே இல்லை. மூச்சுக்குழாயிலிருந்து கத்தரியால் கீழ்நோக்கித் திறந்துகொண்டே போய், நுரையீரலின் பின்விளிம்பு வரை வெட்டி, தண்ணீர்த் தொட்டியில் மெதுவாக அலசி, நுண்சல்லடையில் வடிப்பேன். புழுக்கள் முழுசாக வரும். லாக்டோஃபீனாலில் ஊறவைத்தால் உடல் தெளிந்து, மைக்ராஸ்கோப்பில் முள் துல்லியமாகத் தெரியும்.

அடுத்த முறை உங்கள் நண்பர் வேட்டையிலிருந்து வந்தால் பின்விளிம்பைத்தான் முதலில் பாருங்கள். வெளிறி, சற்றே உப்பிய திட்டுகள் இருக்கும். அங்கேதான் அறுக்க வேண்டும்.