பாய்லரை மாற்றுவதற்கு முன் லாஃப்டில் ஏறிப் பாருங்கள்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கிலாந்தில் நீங்கள் வாங்கியிருக்கும் முதல் வீடு 1930களில் கட்டப்பட்டது என்றும், அதைச் சூடாக்கும் காஸ் பாய்லர் 2002இல் பொருத்தப்பட்டது என்றும், கையிலுள்ள பணம் ஒரு வேலைக்குத்தான் போதும் என்பதால் பாய்லரை மாற்றுவதா, வெப்பம் வெளியேறாமல் தடுக்கும் இன்சுலேஷன் போடுவதா என்றும் கேட்டிருந்தீர்கள். பாய்லர் பாதுகாப்பாக இயங்குகிறது என்பது உறுதியானால், முதல் செலவை இன்சுலேஷனுக்கே செய்யுங்கள் என்பதுதான் இங்கே பல குளிர்காலங்களைக் கழித்துவிட்ட என் கருத்து.

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் பேரம் பேசாதீர்கள். காஸ் வேலை செய்யத் தகுதி பெற்றவர்களின் அதிகாரபூர்வப் பட்டியலான காஸ் சேஃப் பதிவேட்டில் உள்ள பொறியாளர் ஒருவரை அழைத்து சர்வீஸ் செய்யச் சொல்லுங்கள். அவருடைய அடையாள அட்டையின் பின்பக்கத்தில் எந்தெந்த வேலைக்கு அவர் தகுதி பெற்றவர் என்று எழுதியிருக்கும், தயங்காமல் வாங்கிப் பாருங்கள். நீலமாக எரிய வேண்டிய சுடர் மஞ்சளாக எரிந்தாலோ, பாய்லரைச் சுற்றிக் கரி படிந்திருந்தாலோ அதை உடனே நிறுத்திவிட வேண்டும். காஸ் சரியாக எரியாதபோது வரும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடைக் கண்டு ஒலிக்கும் அலாரம் வீட்டில் இல்லையென்றால் இன்றே வாங்கி மாட்டுங்கள். பொறியாளர் ஆபத்து என்று சொல்லிவிட்டால் வேறு யோசனைக்கே இடமில்லை, பாய்லரைத்தான் மாற்ற வேண்டும்.

பழையதுதான், ஆனால் ஆபத்தில்லை என்று அவர் சொன்னால், ஒரு சிறிய கணக்கைப் போட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டைச் சூடாக வைத்திருக்க ஆண்டுக்கு 12,000 கிலோவாட் மணி வெப்பம் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். 70 சதவீதத் திறனுள்ள பழைய பாய்லர் அதற்கு ஏறத்தாழ 17,100 அலகு காஸை எரிக்கும். 90 சதவீதத் திறனுள்ள புதியது ஏறத்தாழ 13,300 அலகு எரிக்கும். மாறாக, பாய்லரைத் தொடாமல் இன்சுலேஷனால் வெப்பத் தேவையைக் கால்பங்கு குறைத்து 9,000 ஆக்கினால், அதே பழைய பாய்லர் எரிப்பது ஏறத்தாழ 12,900 அலகுதான். சேமிப்பில் இரண்டும் அருகருகே நிற்கின்றன. ஆனால் பாய்லருக்கு ஓர் ஆயுள் உண்டு, லாஃப்டில், அதாவது கூரைக்கும் மேல்தள சீலிங்குக்கும் நடுவிலுள்ள இடத்தில், ஒழுங்காக விரித்த இன்சுலேஷன் கம்பளியோ (கண்ணாடி அல்லது கனிம இழைப் பொதி) பல பத்தாண்டுகள் அப்படியே கிடக்கும். அறைகளில் சூடு தங்குவதும் ஹீட்டிங்கை நிறுத்திய அரை மணியில் அவை குளிர்ந்துபோகாமல் இருப்பதும் இன்சுலேஷனால்தான் கிடைக்கும், புதிய பாய்லரால் அல்ல.

இந்தக் கால்பங்கு எல்லா வீட்டிலும் கிடைத்துவிடாது என்பதால்தான் லாஃப்டில் ஏறிப் பார்க்கச் சொல்கிறேன். டார்ச்சும் அளவுகோலும் எடுத்துக்கொண்டு ஏறுங்கள். மரச்சட்டங்களின் மேல் மட்டுமே கால் வையுங்கள், இடையில் வைத்தால் கீழ்த்தளத்து சீலிங் பெயர்ந்துவிடும். சட்டங்களின் மேல்விளிம்பு வெளியே தெரிந்தால் கம்பளி போதாது என்று பொருள். இப்போது பரிந்துரைக்கப்படும் தடிமன் 270 மில்லிமீட்டர். ஒன்றுமே இல்லாத இடத்தில் போடும் முதல் 100 மில்லிமீட்டர்தான் பெரும் சேமிப்பைத் தரும். ஏற்கெனவே அந்த அளவு இருந்தால் மேலே சேர்ப்பதால் வரும் பலன் குறைவு. கூரை முடியும் ஓரங்களில் காற்று நுழையும் இடைவெளியை அடைத்துவிடாதீர்கள். அடைத்தால் ஈரம் தங்கி மரம் உளுத்துப்போகும். லாஃப்டில் தண்ணீர்த் தொட்டி இருந்தால் அதையும் குழாய்களையும் சுற்றிப் பொதிய வேண்டும், ஏனெனில் கம்பளி போட்ட பிறகு மேலே குளிர் கூடும்.

அடுத்தது சுவர். வெளியே நின்று செங்கல் அடுக்கைப் பாருங்கள். எல்லாக் கற்களும் நீளவாட்டில் தெரிந்தால் நடுவே இடைவெளியுள்ள இரட்டைச் சுவராக இருக்க வாய்ப்பு அதிகம். நீளமும் குட்டையும் மாறிமாறி வந்தால் கெட்டிச் சுவர். 1930களின் வீடுகளில் இரண்டையும் பார்க்கலாம். இரட்டைச் சுவரின் இடைவெளியை நிரப்புவது அதிகச் செலவில்லாத வேலை, ஆனால் மழையும் காற்றும் நேராக அறையும் சுவராக இருந்தால் ஈரம் உள்ளே வரக்கூடும் என்பதால், தகுந்த ஆய்வு செய்யாமல் யாரையும் துளை போட விடாதீர்கள். கெட்டிச் சுவருக்குச் செலவு மிக அதிகம், இப்போதைக்கு விட்டுவிடலாம். கதவைத் தட்டி வந்து கூரையின் அடிப்பக்கத்தில் ஸ்ப்ரே ஃபோம் (பீய்ச்சியதும் இறுகும் இன்சுலேஷன் நுரை) அடித்துத் தருகிறேன் என்பவர்களை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். அது அடித்த வீட்டுக்கு மார்ட்கேஜ் (வீட்டுக் கடன்) தரப் பல வங்கிகள் தயங்குகின்றன.

நம்மவர் வீடுகளுக்கென்று நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஈரத்தைப் பற்றி. நாம் நிறையச் சமைக்கிறோம், சோறு வடிக்கிறோம், குளிர்காலத்தில் துணிகளை உள்ளேயே காயப்போடுகிறோம். இடுக்குகளை அடைத்துவிட்டு, குளிர் வருகிறதென்று காற்றுப்போக்கியையும் மூடிவிட்டால், அந்த நீராவி குளிர்ந்த மூலைச் சுவரில் படிந்து அலமாரிக்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சணம் பிடிக்கும். அது குழந்தைகளின் மூச்சுக்குக் கெடுதல். சமையலறையிலும் குளியலறையிலும் எக்ஸாஸ்ட் மின்விசிறி ஓடட்டும், ஜன்னல் சட்டத்தின் மேலுள்ள சிறு காற்றுவழிகள் திறந்தே இருக்கட்டும்.

வரியையும் கணக்கில் சேருங்கள். ஒப்பந்தக்காரரே பொருளோடு வந்து செய்யும் இன்சுலேஷன் வேலைக்கு 2027 மார்ச் 31 வரை வாட் (மதிப்புக் கூட்டு வரி) இல்லை; புதிய காஸ் பாய்லருக்கு அந்தச் சலுகை கிடையாது. பாய்லருக்குப் பதிலாக, வெளிக்காற்றிலோ நிலத்திலோ உள்ள வெப்பத்தை மின்சாரத்தால் உள்ளே இழுக்கும் ஹீட் பம்ப் பொருத்த எண்ணம் வந்தால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 7,500 பவுண்டு மானியம் 2023 அக்டோபர் முதல் உண்டு. அது குறைந்த சூட்டு நீரில் வீட்டை வெதுவெதுப்பாக வைப்பது என்பதால், வெப்பம் ஒழுகாத வீட்டில்தான் நன்றாக வேலை செய்யும்.

பாய்லரையே வாங்கும் நாள் வரும்போது, பழையதன் அளவையே திரும்பப் போடாமல், அறை அறையாக வெப்ப இழப்பைக் கணக்கிட்டுத் தருமாறு பொறியாளரைக் கேளுங்கள். இன்சுலேஷன் முடிந்த வீட்டுக்குத் தேவை குறைவாகவே வரும். வீட்டைச் சூடாக்குவதோடு குழாய் வெந்நீரையும் அவ்வப்போது தானே தரும் காம்பி பாய்லர் என்றால் அதன் உச்சத் திறனை வெந்நீர்த் தேவையே தீர்மானிக்கும், ஆகவே வீட்டைச் சூடாக்கும்போது எவ்வளவு தாழ்ந்து எரிய முடியும் என்பதைப் பார்த்து வாங்குங்கள். 2005க்குப் பிறகு இங்கே வழக்கமாகிவிட்ட கழிவுப் புகையின் வெப்பத்தையும் மீட்டெடுக்கும் கண்டென்சிங் வகைகள், ரேடியேட்டரிலிருந்து திரும்பும் நீர் ஏறத்தாழ 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் முழுத் திறனைக் காட்டும். உங்களுடைய 2002 பாய்லர் பழைய வகையாகவே இருக்கக்கூடும், எனவே இணையத்தில் பார்த்து அதன் சூட்டை நீங்களாகவே மிகவும் தாழ்த்திவிடாதீர்கள், உள்ளே நீர் படிந்து அரிக்கும்.

ஜனவரியில் அது நின்றுபோய், பழுதுபார்க்கும் செலவு புதியதன் விலையில் பாதியை நெருங்கினால், அப்போது மாற்றிவிடுங்கள்.