கேள்வி பதில்: கம்பஸில் மருந்து எடுக்கப் போகுமுன்

புது பட்ச் மாணவர்கள் பதிவுக்கு வரும் காலம் என்பதால், இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தைப் பற்றியே கேட்கின்றன. ஒரே கேள்வியைப் பலர் கேட்ட இடத்தில் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்திருக்கிறோம்.

மகளுக்குத் திருகோணமலை வளாகம் கிடைத்திருக்கிறது. சின்ன வயதிலிருந்தே இழுப்பு (ஆஸ்துமா). இங்கே ஆஸ்பத்திரி கிளினிக்கில் மாதா மாதம் பம்ப் (இன்ஹேலர்) எடுக்கிறோம். கம்பஸ் மருத்துவ நிலையத்தில் அதைத் தருவார்களா? எவ்வளவு கட்ட வேண்டும்? பதிவுப் படிவத்தில் நோயை எழுதினால் இடம் பறிபோகுமா?
— ஒரு தாய், மன்னார்

காசு கட்டத் தேவையில்லை அம்மா. அரச பல்கலைக்கழகத்தில் மாணவர் அடையாள அட்டையைக் காட்டினால் வைத்தியரைப் பார்க்கலாம், இருக்கிற மருந்தையும் இலவசமாகத் தருவார்கள். ஆனால் அது காய்ச்சல், வயிற்றோட்டம், காயத்துக்கு மருந்து கட்டுவது போன்றவற்றுக்கான இடம். வருடக் கணக்கில் எடுக்கும் மருந்தை மாதா மாதம் அங்கே எதிர்பார்த்துப் போனால் ஒருநாள் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டிவரும்.

ஆகவே கிளினிக்கையே மாற்றி எடுங்கள். மன்னாரில் அடுத்த கிளினிக் நாளன்று, திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு மாற்றக் கடிதம் வேண்டும் என்று வைத்தியரிடமே கேளுங்கள். அதில் நோயின் பெயர், இப்போது எடுக்கும் மருந்து, அளவு, கடைசியாக வார்ட்டில் நின்ற திகதி எல்லாம் இருக்க வேண்டும். கிளினிக் கொப்பியின் மூலப்பிரதி மகளிடமும் போட்டோப் பிரதி உங்களிடமும் இருக்கட்டும். புது இடத்தில் முதல் தவணை கிடைக்கத் தாமதமாகலாம் என்பதால், முடிந்தால் இரண்டு மாத மருந்து எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். திருகோணமலையில் கிளினிக் நாளில் விரிவுரை தவறும். வந்துபோனதற்கு ஒரு துண்டு வாங்கி வைத்தால், வரவு 80 வீதத்துக்குக் கீழே போய்ப் பரீட்சைக்கு இருக்க விடமாட்டோம் என்று சொல்லும்போது கை கொடுக்கும்.

படிவத்தில் நோயை மறைக்காதீர்கள். இழுப்பு, வலிப்பு, நீரிழிவுக்காகப் பிள்ளைகளின் இடத்தைப் பறிப்பதற்கு அந்தப் படிவம் இல்லை. இராத்திரி பதினொரு மணிக்கு மூச்சு முட்டும்போது விடுதிக் காப்பாளருக்கு என்னவென்று தெரிந்திருக்க வேண்டும் என்பதற்குத்தான். தடுப்பூசி அட்டையையும் இரத்த வகை எழுதிய கடதாசியையும் சேர்த்துக் கொடுத்து விடுங்கள்.

அறைத்தோழிகளுக்கும் ஒன்று சொல்லிக் கொடுக்க வேண்டும். இழுப்பு எழும்பினால் படுக்க விடாமல் நிமிர்த்தி இருத்தி, நீலப் பம்பை (சல்பியூட்டமோல், 100 மைக்ரோகிராம்) ஸ்பேசருக்குள் (பம்புக்கும் வாய்க்கும் இடையில் பிடிக்கும் குழல்) ஒரு தடவை அடித்து நான்கு மூச்சு இழுக்க வைக்க வேண்டும். இப்படி நான்கு தடவை. பிறகு நான்கு நிமிடம் பார்த்து, குறையவில்லை என்றால் திரும்பவும் நான்கு தடவை. அதற்கும் மசியாவிட்டால் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைத்துவிட்டு, அது வரும்வரை இதையே தொடர வேண்டும். ஸ்பேசர் இல்லையென்றால் கழுவி உலர்த்திய 500 மில்லிலீட்டர் தண்ணீர்ப் போத்தலின் அடியில் பம்பின் வாயளவுக்குத் துளை வெட்டி, இடைவெளியை டேப்பால் ஒட்டி, போத்தல் வாயால் இழுக்கலாம். புதுப் பிளாஸ்டிக் மருந்தைத் தன் சுவரில் ஒட்ட வைக்கும். ஆகவே முதலில் சில தடவை சும்மா அடித்து விடுங்கள்.

பரீட்சையன்று காய்ச்சல். தனியார் வைத்தியரிடம் காசு கட்டி மெடிக்கல் எடுத்துக் கொடுத்தேன், பீடம் ஏற்கவில்லை. காசும் போய் பரீட்சையும் போனது. ஏன்?
— இரண்டாம் வருட மாணவன், தம்பலகாமம்

தம்பி, உங்கள் கடதாசியை நாங்கள் பார்க்கவில்லை. ஆனால் மெடிக்கல் திரும்பி வருவதற்கான காரணங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. சான்றிதழ் எழுதிய திகதி பரீட்சைக்குப் பிந்தியதாக இருப்பது முதலாவது. வைத்தியர் உங்களைப் பார்த்தது புதன்கிழமை என்றால், திங்களன்று நீங்கள் படுத்திருந்ததற்கு அவர் எப்படிச் சாட்சி சொல்வார்? ஓய்வு எழுதிய நாட்களுக்குள் பரீட்சை நாள் அடங்காமல் போவது அடுத்தது. வைத்தியரின் மருத்துவ சபைப் பதிவிலக்கம் உள்ள முத்திரை இல்லாமல் வெறும் கையெழுத்து மட்டும் இருப்பதும் நடக்கும். இன்னொன்று, பரீட்சை மண்டபத்துக்குள் போய் அரை மணி நேரம் எழுதிவிட்டு வெளியே வந்து மெடிக்கல் கொடுப்பது. வினாத்தாளைக் கையில் வாங்கி உட்கார்ந்துவிட்டால் பரீட்சைக்குத் தோற்றியதாகவே எடுப்பார்கள். உடம்பு சரியில்லை என்றால் மண்டபத்துக்குள் போகுமுன் முடிவெடுக்க வேண்டும்.

சரியான வழி இதுதான். அன்று காலையிலேயே, நடக்க முடிந்தால், பல்கலைக்கழக வைத்திய அதிகாரியிடம் போங்கள். முடியாவிட்டால் அரச வைத்தியசாலை ஓபிடிக்குப் போய்த் திகதி போட்ட துண்டை வைத்திருங்கள். வார்ட்டில் நின்றால் நோய் நிர்ணய அட்டையை வாங்காமல் வீட்டுக்கு வரவே வேண்டாம். மெடிக்கலை விட அதற்கு மதிப்பு அதிகம். தனியார் வைத்தியரிடம்தான் போக நேர்ந்தது என்றால், மருந்துச் சீட்டு, பரிசோதனை அறிக்கை, பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் கொண்டுபோய்ப் பல்கலைக்கழக வைத்திய அதிகாரியிடம் காட்டி உறுதிப்படுத்த வேண்டும். பணம் கொடுத்து எடுத்தது என்பதற்காக எந்தச் சான்றிதழும் பெரிதாகிவிடாது. அன்றே பீட அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொல்லி, மின்னஞ்சலும் அனுப்புங்கள். கொடுக்கும்போது பிரதியில் 'கிடைத்தது' என்ற முத்திரையும் திகதியும் வாங்குங்கள். கூட்டாளியிடமோ விரிவுரையாளரிடமோ கொடுத்துவிட்டால் அது எந்த மேசையில் கிடக்கும் என்று யாருக்கும் தெரியாது. எத்தனை நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும் என்பது உங்கள் பீடக் கைநூலில் இருக்கிறது.

இவ்வளவு பாடும் எதற்கென்றால், ஏற்கப்பட்ட மெடிக்கல் இருந்தால் அடுத்த முறை எழுதுவது முதல் தடவையாகவே கணக்கில் வரும். இல்லாவிட்டால் ரிப்பீட். அதில் எவ்வளவு நன்றாக எழுதினாலும் பெரும்பாலும் சி தரத்துக்கு மேல் கிடைக்காது, பட்டத்தின் கிளாஸும் (வகுப்புத் தரம்) அடிபடும்.

சித்த வைத்தியம் படிப்பிக்கும் வளாகத்தில் சித்த வைத்தியரின் சான்றிதழ் செல்லாதா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். பதிவுபெற்ற வைத்தியர் என்றால் அதையும் பல்கலைக்கழக வைத்திய அதிகாரியிடம் உறுதிப்படுத்தியே கொடுங்கள்.

விடுதியில் இரண்டு நாளாகக் காய்ச்சல். மருத்துவ நிலையத்தில் பனடோல் மட்டும் தந்து, மூன்றாம் நாள் ரத்தம் சோதிக்கச் சொன்னார்கள். முதல் நாளே சோதித்தால் என்ன? வெளியே காசு கொடுத்துத்தான் செய்ய வேண்டுமா?
— மாணவி, கோணேசபுரி

அவர்கள் சொன்னது சரிதான் தங்கச்சி. டெங்குவில் வெள்ளணுவும் பிளேட்லெட்டும் இறங்கத் தொடங்க ஓரிரண்டு நாள் எடுக்கும். முதல் நாள் எடுத்த எப்பிசி (இரத்த அணுக்களை எண்ணும் பரிசோதனை) நன்றாக இருக்கும், அதைப் பார்த்து நீங்கள் ஊருக்கு பஸ் ஏறிவிடுவீர்கள். ஆபத்து அங்கேதான். முதல் நாட்களில் பயன்படுவது, இரத்தத்தில் டெங்கு வைரஸின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 பரிசோதனை. அதுவும் நெகட்டிவ் என்றால் டெங்கு இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது.

காசு கையில் இல்லை என்றால் ஆஸ்பத்திரி ஓபிடிக்குப் போய் வைத்தியரிடம் எழுதுவியுங்கள். அங்கே செய்யும் பரிசோதனைக்குக் கட்டணம் இல்லை. வெளி ஆய்வுகூடத்தில் செய்தால் ஒவ்வொரு நாளும் ஒரே இடத்தில், ஏறத்தாழ ஒரே நேரத்தில் செய்யுங்கள். பழைய அறிக்கைகளை எறியாதீர்கள். பிளேட்லெட் 180,000 என்று தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. நேற்று 260,000 இருந்தது என்று தெரிந்தால்தான் வைத்தியர் நிமிர்ந்து உட்காருவார். 100,000க்குக் கீழே போனால் வார்ட்டில் நிற்க வேண்டும். கர்ப்பிணிகள் அதுவரை காத்திருக்கக்கூடாது.

50 கிலோவுக்கு மேல் நிறை உள்ளவர் 500 மில்லிகிராம் பனடோல் இரண்டு வீதம், ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நாளுக்கு எட்டுக்கு மேற்படாமல் எடுக்கலாம். காய்ச்சல் இறங்கவில்லை என்று இடையில் இன்னும் இரண்டு போட்டால் ஈரல் கெடும். டைக்ளோபெனாக், ஐபுபுரோபன், அஸ்பிரின் எதுவும் வேண்டாம், அக்கா ஒருத்தி தந்தாலும் வேண்டாம். இரத்தக் கசிவை அவை கூட்டும். நாளுக்கு இரண்டரை லீட்டர் அளவில் கஞ்சி, இளநீர், ஜீவனி, சூப் குடியுங்கள். வெறும் தண்ணீராகவே அத்தனையும் குடிப்பது நல்லதல்ல. நெக்டோ போன்ற சிவப்பு, கபில நிறப் பானங்களைத் தவிருங்கள். வாந்தி எடுத்தால் அது இரத்தமா சோடாவா என்று தெரியாமல் போகும்.

விடுதியில் எல்லாரும் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. காய்ச்சல் விட்டதும் சுகமாகிவிட்டது என்று நினைப்பார்கள். குருதிக் குழாய்களிலிருந்து நீர் கசியும் கட்டம் பெரும்பாலும் அப்போதுதான் தொடங்கும். காய்ச்சல் விட்ட பிறகு கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் போகாமை, பல் முரசில் இரத்தம், கை கால் குளிர்தல், தலைசுற்று இதில் எது வந்தாலும் மருத்துவ நிலையம் திறக்கும் வரை பார்த்திருக்காதீர்கள். 1990க்கு அழைத்து, 'நிலாவெளி வீதி, கோணேசபுரி, வளாகப் பிரதான வாசல்' என்று சொல்லி, வாசலில் ஒருவரை நிறுத்துங்கள். அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. 2017 மார்ச்சில் டெங்குவால் கிண்ணியா பட்ட பாட்டை இந்த மாவட்டம் மறந்திருக்காது.

கண்ணாடி, பல் இரண்டுக்கும் கம்பஸில் உதவி கிடைக்குமா?
— கிண்ணியா வாசகர்

பல் பிடுங்குவது, அடைப்பது இரண்டையும் அரச வைத்தியசாலைப் பல் பிரிவில் இலவசமாகச் செய்யலாம். கண் பரிசோதனையும் அப்படித்தான். கண்ணாடிச் சட்டத்துக்கும் வில்லைக்கும் நீங்கள்தான் காசு கொடுக்க வேண்டும். கண்ணாடிக் கடையில் 'இலவச செக்கப்' செய்தால் சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, வேறு இரண்டு கடையில் விலை கேளுங்கள்.

நாய் கடித்தால் மருத்துவ நிலையத்துக்குப் போவதா, ஆஸ்பத்திரிக்கா?
— மாணவன், நிலாவெளி

முதலில் குழாயடிக்கு. சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். பிறகு நேராகத் திருகோணமலைப் பொது வைத்தியசாலைக்கு. விசர்நாய்த் தடுப்பூசி அங்கே இலவசம், தனியாரில் பை காலியாகும். கம்பஸ் நாய், தெரிந்த நாய் என்ற சமாதானம் வேண்டாம். சொன்ன நாட்களில் எல்லா ஊசியையும் போட்டு முடியுங்கள்.

நித்திரை இல்லை, படிக்க ஏலவில்லை. மருத்துவ நிலையத்தில் சொன்னால் வீட்டுக்குச் சொல்லிவிடுவார்களா?
— பெயர், ஊர் வேண்டாம்

உங்களுக்கு 18 வயது கடந்துவிட்டது. வைத்தியரிடம் சொல்வது உங்களுக்கும் அவருக்கும் இடையிலானது. உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்று அவர் கண்டால் மட்டும் நிலைமை வேறு. ஒரு கவனம்: மெடிக்கல் எடுத்தால் அதில் நோயின் பெயர் எழுதப்படும், அந்தக் கடதாசி பீட அலுவலகத்துக்குப் போகும். அதை எப்படி எழுதுவது என்று முன்கூட்டியே வைத்தியரிடம் பேசுங்கள். மாணவர் ஆலோசகர்கள் பெரும்பாலும் விரிவுரையாளர்கள். நல்லவர்கள், ஆனால் வைத்தியர்கள் அல்லர். இரவில் தாங்க முடியாவிட்டால் 1926, தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம். தமிழில் பேசவேண்டும் என்று தொடக்கத்திலேயே சொல்லுங்கள்.

மகனுக்கு அமெரிக்காவில் முதுமாணி படிக்க இடம் கிடைத்திருக்கிறது. பில்லில் ஹெல்த் ஃபீ என்று ஒன்று, ஹெல்த் இன்சூரன்ஸ் என்று பெரிதாக இன்னொன்று. ஒரே விஷயத்துக்கு இரண்டு முறை அறவிடுகிறார்களா? இங்கே எடுக்கும் பயணக் காப்புறுதியைக் காட்டி ஒன்றைத் தவிர்க்கலாமா?
— ஓய்வுபெற்ற உத்தியோகத்தர், உவர்மலை

இரண்டும் வேறு வேறு ஐயா. ஹெல்த் ஃபீ வளாகத்துக்குள் இருக்கும் மருத்துவ நிலையத்தை நடத்துவதற்கு. அதைக் கட்டியவர் அங்கே வைத்தியரையோ தாதியையோ இலவசமாகவோ சிறு தொகைக்கோ பார்க்கலாம். இதைத் தவிர்க்கப் பொதுவாக இடமில்லை. காப்புறுதி, அந்த வாசலுக்கு வெளியே நடப்பதற்கு: அவசர சிகிச்சைப் பிரிவு, சத்திரசிகிச்சை, ஸ்கான், விசேட வைத்தியர்.

காப்புறுதி இருந்தாலும் முழுவதையும் அது கட்டாது. உதாரணத்துக்கு 3,000 டொலர் பில், டிடக்டிபிள் (கம்பனி கட்டத் தொடங்குமுன் மாணவர் கட்டும் தொகை) 500, அதற்கு மேல் மாணவர் பங்கு 20 வீதம் என்று வைப்போம். முதல் 500 மகனுடையது. மிச்சம் 2,500இல் 20 வீதம் இன்னொரு 500. ஆக அவர் கட்டுவது 1,000, கம்பனி 2,000. இது கம்பனியோடு ஒப்பந்தம் உள்ள வைத்தியசாலையில். அதற்கு வெளியே போனால் பங்கு ஏறும். சில திட்டங்களில் முதலில் மருத்துவ நிலையத்துக்குப் போய்த் துண்டு எடுத்துத்தான் வெளியே போக வேண்டும், இல்லாவிட்டால் கம்பனி குறைத்தே கட்டும். அவசரம் மட்டும் விதிவிலக்கு. சும்மா தடிமன் காய்ச்சலுக்கு இங்கே ஓபிடிக்குப் போகிற பழக்கத்தில் அங்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குள் நுழைந்துவிட வேண்டாம் என்று மகனுக்குச் சொல்லுங்கள். பல்லும் கண்ணாடியும் பெரும்பாலும் இதில் அடங்காது. பல்லில் வேலை இருந்தால் விமானம் ஏறுமுன் இங்கேயே முடித்துவிடட்டும்.

வேறு காப்புறுதியைக் காட்டி விலக்குக் கேட்கலாம், அதை வெய்வர் என்பார்கள். பயணக் காப்புறுதி அதில் தோற்பதற்குக் காரணம் உண்டு. ஏற்கெனவே உள்ள நோயை அது விலக்கும், ஒரு நோய்க்கு இவ்வளவுதான் என்று எல்லை போடும், முதலில் நீங்கள் கட்டிப் பிறகு கோர வேண்டியிருக்கும். விலக்குக் கேட்கும் கடைசித் திகதி அரையாண்டின் தொடக்கத்திலேயே வந்துவிடும். அது கடந்தால் பில் பில்தான். எஃப்-1 எனும் மாணவர் விசாவுக்கு அமெரிக்க மத்திய அரசு காப்புறுதியைக் கட்டாயமாக்கவில்லை, பல்கலைக்கழகம்தான் கேட்கிறது. ஜே-1 எனும் பரிமாற்றத் திட்ட விசா என்றால் சட்டமே கேட்கிறது: ஒவ்வொரு நோய்க்கும் அல்லது விபத்துக்கும் குறைந்தது 100,000 டொலர், டிடக்டிபிள் 500க்கு மேற்படக்கூடாது.

பிரித்தானியா என்றால் கணக்கு இலகு. அங்குள்ள அரச வைத்தியசேவையைப் பயன்படுத்துவதற்கான கட்டணம் 2024 பெப்ரவரியிலிருந்து மாணவருக்கு வருடத்துக்கு 776 பவுண், விசா விண்ணப்பத்தோடேயே படிப்புக் காலம் முழுவதற்கும் கட்ட வேண்டும். போனதும் வீட்டுக்கு அருகிலுள்ள ஜீபீயிடம் (குடும்ப வைத்தியர்) பதிய வேண்டும்.

மகன் கொண்டுபோக வேண்டியவை: எம்எம்ஆர் (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லாத் தடுப்பூசி) இரண்டு தடவை போட்டதற்கான ஆங்கிலச் சான்று, தொடர்ந்து எடுக்கும் மருந்துக்கு ஜெனரிக் பெயர் (கம்பனிப் பெயரல்லாத பொதுப் பெயர்) எழுதிய ஆங்கிலச் சீட்டு. காசநோய்ப் பரிசோதனை கேட்டால் தோலில் போடுவதை விட இரத்தப் பரிசோதனை நல்லது. இங்கே பிறந்தவுடன் போட்ட பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசியால் தோல் பரிசோதனை நோய் இல்லாமலே வீங்கி, வீணாக எக்ஸ்ரே வரை இழுக்கும்.